மீன்தொட்டி உள்ள வீட்டில் பூச்சி மருந்து அடிக்கப் போகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

மழை தொடங்கினால் கரப்பொத்தானும் எறும்பும் வீட்டுக்குள் ஏறிவிடும். மட்டக்களப்பில் பலரும் அப்போதுதான் மருந்து அடிக்க ஆள் தேடுவார்கள். வீட்டில் மீன்தொட்டி இருந்தால், "மீனுக்கு ஒன்றும் ஆகாது" என்று யார் வாயால் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் ஹோலில் இருந்த தொட்டியைக் காட்டித்தான் கேட்டேன். "இது மணமில்லாத மருந்து அக்கா, கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் அடிக்கிறம், மீனுக்கு ஒண்டும் செய்யாது" என்றார். தொட்டியை மூடச் சொல்லவில்லை. காற்றுப் பம்பை நிறுத்தச் சொல்லவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்த மேசைக்குக் கீழேயே நன்றாக அடித்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் விழுந்தவை செர்ரி இறால்கள். செடியில் பிடித்திருந்தவை பிடி நழுவி மல்லாந்து கிடந்தன. கால்கள் மட்டும் துடித்தன. அப்புறம் நியோன் டெட்ராக்கள் கண்ணாடியில் முட்டி முட்டிச் சுழன்றன. கப்பிகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. விடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிட்டன. சினைக் கப்பி ஒன்றுக்குக் குஞ்சு எப்போது வரும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த என் மகளுக்கு என்ன சொல்வது?

தந்த பற்றுச்சீட்டில் "பூச்சி வேலை" என்று மட்டும் இருந்தது. என்ன மருந்து என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் போத்தலின் படத்தை வாங்கினேன். சைபர்மெத்ரின். லேபிளில் தமிழிலேயே அச்சடித்திருக்கிறது, மீன்களுக்கு நஞ்சு என்று. அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

பைரித்ரொய்ட் என்ற வகையைச் சேர்ந்த மருந்து இது. டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் எல்லாம் இதே குடும்பம். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். மனித உடல் இதை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும், மீனால் அது முடியாது. ஒரு லீற்றர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் கலந்தாலே பல மீன்களுக்கு உயிர் போகும். இறாலுக்கு அதைவிடக் குறைவே போதும். ஒரு மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தொட்டிக்குள் நேரே அடிக்கத் தேவையே இல்லை. அறைக் காற்றில் மிதக்கும் மருந்தைப் பம்ப் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும்.

ஆகவே மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால், பம்பைக் கழற்றி மருந்து எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டியைப் பொலித்தீனால் இறுக்கி மூடுங்கள். முடிந்தால் மீன்களையே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே கலந்துவிட்டதா? உயிரோடு இருப்பவற்றை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வரும் குழாய் என்றால் குளோரின் இருக்கும், அதை முறிக்கும் மருந்து போட்டே பாவியுங்கள். புதுத் தண்ணீரின் சூடு பழையதோடு ஒத்திருக்க வேண்டும். காற்று நன்றாக ஓட வேண்டும். பில்டரில் புது அக்டிவேட்டட் காபன் என்ற கரியைப் போடுங்கள், இந்த நஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு மிஞ்சிய மூன்று கப்பிகளும் இப்படித்தான் பிழைத்தன. பழைய ஸ்பொஞ்சிலும் கல்லிலும் மருந்து தங்கும். அவற்றைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரை வாவிக்குப் போகும் கானில் ஊற்றவும் வேண்டாம்.

நகரில் ஒரு மீன் கடையில் "நஞ்சை முறிக்கும்" என்று நீல மருந்து ஒன்றை நீட்டினார்கள். அது மெதிலீன் புளூ. பூஞ்சணத்துக்குப் போடுவது. பைரித்ரொய்டை அது முறிக்காது. பில்டரில் இருக்கும் நல்ல பக்டீரியாவையும் கெடுத்துவிடும். காசு கொடுத்து ஏமாறாதீர்கள்.

மருந்து அடித்த கம்பனிக்குப் போன் எடுத்தால், "மீன் செத்ததுக்கு நாங்க என்ன செய்யிற?" என்று கேட்கிறார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் அவசர இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். பற்றுச்சீட்டில் மருந்தின் பெயரை எழுதித் தராத ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.