சேலம் ஜங்ஷனில் எட்டு மணி நேரம்: ஏற்காடா, தாரமங்கலமா, மேட்டூரா, ஊருக்குள்ளேயா?

காலை 8 மணிக்குச் சேலம் ஜங்ஷனில் இறங்கியாகிவிட்டது. அடுத்த ரயில் மாலை 4 மணிக்கு. இல்லையென்றால் காமலாபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கி, சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். இப்படி மாட்டிக்கொள்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் கேட்பது, "ஏற்காடு போயிட்டு வந்துடலாமா?" என்பதுதான். சேர்வராயன் மலை ஊரிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, பக்கம்தானே என்று தோன்றுவதில் வியப்பில்லை. எங்கள் கருத்து வேறு. எட்டு மணி நேர இடைவெளிக்குத் தாரமங்கலம்தான் முதல் தேர்வு. ஏற்காட்டுக்குக் குறைந்தது பத்து மணி நேரமும் வார நாளும் வேண்டும். இடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், திரும்பி வரும் சாலையை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து முடிவு செய்தால் ரயில் தவறாது.

கணக்கை ரயில் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 4 மணி ரயில் என்றால் 3 மணிக்கு ஜங்ஷன் வாசலில் நிற்க வேண்டும். கிளாக் ரூமில் பையை எடுப்பது, தண்ணீர் வாங்குவது, நடைமேடை மாறியிருந்தால் படியேறி இறங்குவது எல்லாம் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் தாராளமாகப் போய்விடும். காலையில் இறங்கியதும் பையை வைத்து, குளித்தோ முகம் கழுவியோ, டிபன் முடித்து வெளியே வர 9 மணி ஆகும். ஆக, எட்டு மணி நேரம் என்று நினைத்தது கையில் ஆறாகத்தான் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஆறு மணி நேரத்துக்கான ஒப்பீடு.

பை விஷயத்தில் இரண்டு சங்கதிகள். பூட்டு இல்லாத பையைக் கிளாக் ரூமில் வாங்க மாட்டார்கள். ஜிப் வைத்த பைக்கு இரண்டு ஜிப்பையும் சேர்த்துப் பூட்டச் சின்னப் பூட்டு ஒன்று ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கைவசம் இருக்கட்டும். தின்பண்டம் இருக்கும் பையை அங்கே வைக்காதீர்கள், எலித் தொல்லை உண்டு.

இன்னொன்று, சேலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில் நிலையங்கள் இருக்கின்றன. சூரமங்கலத்தில் இருப்பது ஜங்ஷன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருப்பது சேலம் டவுன், அது விருத்தாசலம் போகும் தடம். ஆட்டோவில் ஏறி "ஸ்டேஷன்" என்று மட்டும் சொல்லாமல் "ஜங்ஷன்" என்று சொல்லுங்கள்.

ஏற்காடு

பஸ்ஸில் போவதாக வைத்துக்கொள்வோம். ஜங்ஷனிலிருந்து மெய்யனூரில் இருக்கும் புதிய பஸ் ஸ்டாண்ட் போக 20 நிமிடம். ஏற்காடு பஸ் கிளம்பும்வரை காத்திருப்பு அரை மணி. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போய்ச் சேர ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம். மணி 11.15 ஆகிவிடும். இறங்குவதற்கும் அதே நேரம்தான். அதோடு அரை மணி நேரமாவது கைவசம் வைத்துக்கொண்டால் 12.45-க்கு மேலிருந்து கிளம்ப வேண்டும். மலைமேல் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஏரியைச் சுற்றி ஒரு நடை, ஒரு காப்பி, ஒரு பொட்டலம் மிளகு. அவ்வளவுதான்.

கார் வைத்தால் மேலே மூன்று மணி நேரம் கிடைக்கும். ஆனால் வாடகை பேசும்போது கவனம் வேண்டும். "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்று பேசினால் கணக்கு இடிக்கும். ஜங்ஷனிலிருந்து ஏற்காடு போய்வரவே 65 முதல் 70 கிலோமீட்டர். மேலே லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றினால் இன்னொரு 20 சேரும். கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, மலைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைக் கிளம்புமுன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று மணி நேரத்தில் எல்லாம் பார்க்க முடியாது, பிரித்துக்கொள்ள வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் நேராக லேடீஸ் சீட் போங்கள். ஏறி வந்த வளைவுகளும், கீழே விரிந்து கிடக்கும் சேலமும் ஒரே பார்வையில் தெரியும். மேகம் மூடியிருந்தால் அங்கே வெள்ளைத் திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது சேர்வராயன் கோயில் பக்கம் போவது மேல். சுமார் 5,300 அடி உயரத்தில் பரந்த புல்வெளி மேடு, குகைக்குள் சாமி. கிளியூர் அருவியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். மழை பெய்து சில நாட்களுக்குள் போனால்தான் தண்ணீர் இருக்கும், அப்போது பாறை வழுக்கும்.

எங்கே தவறு நடக்கிறது? பெரும்பாலும் இறங்கும்போதுதான். மே மாதக் கோடை விழா சமயத்திலும் கூட்டம் மிகுந்த நாட்களிலும் போக்குவரத்தை ஒருவழியாக்கி, அடிவாரம் சாலையில் ஏற்றி, குப்பனூர் சாலையில் இறக்கிவிடுவதுண்டு. குப்பனூர் வழி சுற்று. அது மட்டுமல்ல, சேலத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் விடும். ஜங்ஷனோ ஊரின் மேற்குக் கோடியில். மலை இறங்கிய பிறகு நகர நெரிசல் முழுவதையும் குறுக்கே கடந்தாக வேண்டும். இந்தச் சுற்று தெரியாமல் "ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் ரயில் போய்விடுகிறது. காலையில் அடிவாரம் சோதனைச் சாவடியிலேயே "இன்னைக்கு இறங்க எந்த வழி?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மழைக்காலம் இன்னும் மோசம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து மலைச்சாலையில் போக்குவரத்து நின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முந்தைய இரவு கனமழை என்றால் ஏற்காட்டை மறந்துவிடுங்கள். இருட்டிய பிறகு இறங்கும் திட்டமும் வேண்டாம். சாலையில் காட்டெருமை நிற்கும், கறுப்பு உடம்பு விளக்கு வெளிச்சத்தில் கிட்டே போகும்வரை தெரியாது.

வளைவில் தலை சுற்றுகிறவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கலும் வடையும் ஏழாவது வளைவில் வேலையைக் காட்டும். முன்பக்க இருக்கையில் அமர்ந்து சாலையையே பாருங்கள், செல்பேசியைப் பார்க்காதீர்கள். கண் அசையாத எழுத்தைப் பார்க்க, காது உடம்பு திரும்புவதை உணர, இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல் வருகிறது.

தாரமங்கலம்

ஜங்ஷனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். காரில் முக்கால் மணி, பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஜங்ஷன் இருக்கும் மேற்குப் பக்கத்திலேயே இதுவும் இருப்பதால் ஊர் நெரிசலைத் தொடாமல் போய்வரலாம். மலை இல்லை, ஒருவழி மாற்றம் இல்லை, மூடுபனி இல்லை. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். இந்த உறுதிக்காகத்தான் இதை முதலில் வைக்கிறோம். விமானத்தில் வருகிறவர்களுக்கு இன்னும் வசதி. காமலாபுரத்திலிருந்து ஓமலூர் வந்து, அங்கிருந்தே தாரமங்கலம் போய்விட்டு, பிறகு ஜங்ஷன் போகலாம்.

இங்கே பார்க்க வேண்டியது கைலாசநாதர் கோயில். இந்தப் பக்கத்தை ஆண்ட குறுநில மன்னர்களான கெட்டி முதலிகள் எடுப்பித்த கோயில், மேற்குப் பார்த்த சன்னிதி. அவசரமாகச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் வந்ததில் பாதிதான் பயன். மண்டபத் தூண்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலை விட்டு உருட்டினால் உருளும், பல்வரிசையைத் தாண்டி வெளியே வராது. உருண்டையைத் தனியாகச் செய்து உள்ளே போட வழியே இல்லை. வாயைக் குடையும்போதே, உள்ளே இருக்கும் கல்லைச் சுற்றிலும் செதுக்கிச் செதுக்கி விடுவித்திருக்கிறார்கள். உளி ஒரு இடத்தில் தவறியிருந்தால் தூண் முழுவதும் வீண். கல் சங்கிலியும் அதே முறைதான், வளையம் வளையமாக ஒரே கல்லில் பிரித்தெடுத்தது.

அடுத்து வாலி வதம். ராமர் இருக்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் மோதுவது தெரியும். வாலி இருக்கும் தூணருகே போய்த் திரும்பிப் பாருங்கள், ராமர் மறைந்துவிடுவார். இரண்டு இடத்திலும் நின்று பார்த்தால்தான் இது பிடிபடும், படம் எடுத்தால் புரியாது. நிமிர்ந்து விதானத்தையும் பாருங்கள். தாமரையும், அதைச் சுற்றிக் கிளிகளும் கல்லில் இருக்கின்றன. உள்ளே வெளிச்சம் குறைவு, கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

இதில் ஒரே இடர் நேரம். மதியம் நடை சாத்திவிட்டால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். 10.30-க்குள் கோயில் வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள். ரயிலிலிருந்தே தாமதமாக, 11 மணிக்கு மேல் இறங்கினீர்கள் என்றால் தாரமங்கலம் அன்றைக்கு இல்லை. பங்குனி சித்திரையில் வெளிப்பிரகாரக் கல் காலைச் சுடும். வெறுங்காலோடு சுற்றுவதை முதலில் முடித்துவிட்டு, பிறகு மண்டபத்துக்கு வாருங்கள்.

மதியம் 12.30-க்குக் கிளம்பினால் 1.30-க்கு ஜங்ஷன் பக்கம் வந்துவிடலாம். சாப்பாடு முடித்தும் நேரம் மிச்சம் இருக்கும்.

மேட்டூர்

மேட்டூரை நாங்கள் நிபந்தனையோடுதான் சொல்வோம். சுமார் 50 கிலோமீட்டர், ஓமலூர், மேச்சேரி வழியாகப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. கிளம்புமுன் அன்றைய செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள், தினமும் போடுவார்கள். 120-ஐத் தொட்டு, 16 கண் மதகு வழியாக உபரி நீர் போகிறது என்றால், வேறெதையும் யோசிக்காமல் மேட்டூருக்கே போங்கள். அந்த நுரையும் இரைச்சலும் வருடத்தில் சில நாட்கள்தான், சில வருடங்களில் அதுவும் இல்லை. 80 அடிக்குக் கீழே இருந்தால் பூங்காவும் வெயிலும் வறுத்த மீனும் மட்டும்தான். மூன்று மணி நேரப் பயணத்துக்கு அது போதாது. மீன் மட்டும் என்றைக்கும் குறை சொல்ல முடியாது, மசாலா தடவி வைத்ததைக் கண்முன்னே பொரித்துத் தருவார்கள்.

நீர் வற்றும்போது வெளியே தெரியும் நந்தி சிலையைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. அது அணைப் பக்கம் இல்லை, நீர்த்தேக்கத்தின் உள்ளே பண்ணவாடி பக்கம். இந்த நேரத்துக்குள் அடங்காது. ஆடி 18 அன்று மேட்டூர்ப் பக்கமே திரும்ப வேண்டாம்.

ஊருக்குள்ளேயே

கையில் நாலு மணி நேரம்தான், அல்லது சின்னக் குழந்தையோ வயதானவர்களோ கூட இருக்கிறார்கள் என்றால் ஊரைத் தாண்டாதீர்கள். குழந்தைகளுக்கு மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, ஊரிலிருந்து 10 கிலோமீட்டர்தான், செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்றவர்களுக்குச் சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன், கொலுசு வாங்கச் செவ்வாய்ப்பேட்டை. எல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான். கொலுசு வாங்கினால் எடையும் தரமும் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள்.

சாயங்காலம் இருக்க வாய்த்தால் தட்டுவடை செட்டை விட்டுவிடாதீர்கள். உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடை ஒன்று. அதன்மேல் பச்சைச் சட்னி, காரச் சட்னி. துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை மூடித் தருவார்கள். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில் விழும். தட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் சட்னி ஊறி மொறுமொறுப்புப் போய்விடும். அதனால்தான் செட்டை ரயிலுக்குப் பொட்டலம் கட்டாதீர்கள் என்கிறோம். வெறும் தட்டுவடையாக வாங்கிக்கொள்ளுங்கள், பல நாள் தாங்கும். மாம்பழக் காலமென்றால் மல்கோவாவை நன்றாகப் பழுத்ததாக வாங்காமல், காம்பருகே இன்னும் இறுகி இருப்பதாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது விடிவதற்குள் நசுங்கிவிடும்.

இரவில் இறங்கி விடியற்காலை ரயில் என்றால் எங்கும் போக வேண்டாம். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஓய்வறையை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்யலாம். அன்றைக்கு வந்து கேட்டால் கிடைப்பது அரிது, டிக்கெட் உறுதியானதுமே போட்டுவிடுங்கள்.

எங்கே போயிருந்தாலும், திரும்பக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உங்கள் ரயில் எங்கே வருகிறது என்று செல்பேசியில் பாருங்கள். "40 நிமிடம் தாமதம்" என்று காட்டினால் அதை நம்பி இன்னொரு காப்பிக்கு உட்காராதீர்கள். கால அட்டவணையில் சில இடங்களில் கூடுதல் நிமிடங்கள் விட்டிருப்பார்கள். பின்தங்கிய ரயில் அந்த இடங்களில் நேரத்தை மீட்டுக்கொண்டு, சேலத்துக்குப் பத்து நிமிடத் தாமதத்தில்கூட வந்து நிற்கும்.