நெஞ்சு அடங்காமல் சுட்டுப் பார்த்தேன்: பயத்லான் அறிமுக வகுப்பு அனுபவம்

ஜெர்மனியின் பவேரியாவில், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் ஒரு ஊரில், பனிச்சறுக்குப் பள்ளி ஒன்று நடத்தும் பயத்லான் அறிமுக வகுப்புக்குப் போய்வந்தேன். பயத்லான் என்றால் பனியில் ஸ்கீயில் சறுக்கி ஓடி, இடையிடையே துப்பாக்கியால் இலக்கைச் சுடும் விளையாட்டு. இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 75 யூரோ. ஸ்கீ, ஷூ, கம்பு, துப்பாக்கி, பத்துத் தோட்டா எல்லாம் அதிலேயே அடக்கம். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பள்ளியின் பெயர் வேண்டாம். இதே மாதிரி வகுப்பு அந்தப் பக்கம் பல ஊர்களில் நடக்கிறது, போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

நான் போனதற்கு ஒரே காரணம் ஜெர்மனி வீராங்கனை டெனிஸ் ஹெர்மன். 2022 பிப்ரவரி 7, பெய்ஜிங் ஒலிம்பிக், பெண்களுக்கான 15 கிலோமீட்டர் தனிநபர் பயத்லான். இங்கே ஜெர்மனியில் திங்கட்கிழமை காலை, வேலையை ஓரமாக வைத்துவிட்டு ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டியில் ஓட்டத்துக்கு இடையில் நான்கு முறை சுட வேண்டும், இரண்டு முறை படுத்து, இரண்டு முறை நின்று, மொத்தம் 20 இலக்கு, ஒன்று தவறினால் ஒரு முழு நிமிடம் நேரத்தில் கூடிவிடும். அவர் 19 அடித்தார். தங்கம். இரண்டாவதாக வந்த பிரான்ஸ் வீராங்கனைக்கும் அவருக்கும் இடையில் பத்து நொடிகூட இல்லை, அதாவது இன்னொரு தோட்டா பிசகியிருந்தால் பதக்கமே கைவிட்டுப் போயிருக்கும்.

இதில் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம், அந்தப் பெண் ஆறு வருடத்துக்கு முன்பு வரை துப்பாக்கி தூக்கிப் போட்டியிட்டவரே இல்லை என்பதுதான். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துக்காரர், 1988இல் பிறந்தவர், துப்பாக்கி இல்லாமல் நெடுந்தூரம் சறுக்கி ஓடும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் பெயர் வாங்கியவர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பெண்கள் 4x5 கிலோமீட்டர் தொடர் ஓட்டத்தில் ஜெர்மனி வெண்கலம் வாங்கியபோது கடைசிச் சுற்று ஓடியது அவர்தான். பதக்கம் வாங்கிய ஆட்டத்தை விட்டுவிட்டு 27 வயதில், 2016இல், பயத்லானுக்கு மாறினார். அந்த வயதில் மற்றவர்களெல்லாம் சிறு வயதிலிருந்தே சுட்டுப் பழகி வந்திருப்பார்கள். இவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அது எவ்வளவு கஷ்டம் என்று உடம்பால் தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

முதல் முக்கால் மணி நேரம் ஸ்கேட்டிங் பாணியில், அதாவது காலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, சறுக்கக் கற்றுத் தந்தார்கள். கிராஸ் கன்ட்ரியில் தடத்துக்குள் நேராகப் போகும் கிளாசிக் பாணியும் உண்டு, பயத்லானில் எல்லோரும் ஸ்கேட்டிங்தான். பயிற்சியாளர் பொறுமைசாலி, முதலில் கம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காலால் மட்டும் எடையை இடமும் வலமும் மாற்றச் சொன்னார், அது நல்ல முறை, பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. ஷூ மட்டும் ஈரமாக இருந்தது. முந்தைய குழு கழற்றிப் போட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள் போல, கால் விறைத்துப்போனது. 75 யூரோ வாங்குபவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம் சுடும் இடம். இங்கேதான் வகுப்பின் உயிர் இருக்கிறது. சிறிய தோட்டா போடும் .22 துப்பாக்கி, உண்மையான போட்டி ரகம், உல்ம் நகரத்து அன்ஷுட்ஸ் தயாரிப்பு. தோட்டா ஏற்றும் போல்ட்டைத் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை, ஒரு விரலால் நேராகப் பின்னுக்கு இழுத்து, கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடுகிறது. குளிரில் அந்த இரும்பைத் தொட்டதும் விரல் நுனி சுரீர் என்றது. விசை அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, அழுத்தலாமா என்று யோசிக்கும்போதே வெடித்துவிடுகிறது. இலக்கு 50 மீட்டர் தள்ளி, வரிசையாக ஐந்து கறுப்பு வட்டம். பட்டால் டக்கென்று ஒரு சத்தம், கறுப்பு மறைந்து வெள்ளை வந்துவிடும். வீராங்கனைகள் படுத்துச் சுடும்போது அவர்களுக்கு வட்டம் 45 மில்லிமீட்டர்தான், நின்று சுடும்போது 115. எங்களுக்குப் படுத்தபடி, துப்பாக்கியைக் கட்டையில் சாய்த்து, பெரிய வட்டத்தில் சுட விட்டார்கள்.

முதல் ஐந்தில் நான்கு அடித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு 400 மீட்டர் போல ஒரு சுற்று சறுக்கிவிட்டு உடனே வந்து படுக்கச் சொன்னார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. மூச்சை அடக்கினாலும் நெஞ்சுத் துடிப்பு தோள்பட்டை வழியாகத் துப்பாக்கிக்குப் போகிறது, குறி வட்டம் துடிப்புக்குத் துடிப்பு மேலும் கீழும் எகிறுகிறது. ஐந்தில் ஒன்றுதான் பட்டது. அதுவும் படுத்துக்கொண்டு, கட்டை முட்டுக் கொடுத்து, பெரிய வட்டத்தில். ஹெர்மன் குறைந்தது மூன்றரைக் கிலோ துப்பாக்கியை முதுகில் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் மேடு ஏறி வந்து, எழுந்து நின்று, எந்தப் பிடிமானமும் இல்லாமல் சுட்டவர். சறுக்கலில் உலகத்தின் வேகமான பெண்களில் ஒருவராக இருந்தும், வேகத்தில் சம்பாதித்ததைச் சுடும் இடத்தில் இழந்த நாட்கள் அவருக்கு நிறைய. 2017 டிசம்பரில் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்டில் இரண்டு உலகக் கோப்பைப் போட்டிகளை அடுத்தடுத்து ஜெயித்தவர், இரண்டே மாதத்தில் பியோங்சாங் ஒலிம்பிக்கிலிருந்து பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2019இல் அதே ஓஸ்டர்சுண்டில் உலகச் சாம்பியன். அந்த ஏற்ற இறக்கம் எனக்கு அன்றைக்குப் பாயில் படுத்திருந்தபோதுதான் புரிந்தது.

ஈர ஷூவை விட்டால், குறை என்றால் இரண்டு. எட்டுப் பேருக்கு ஒரே பயிற்சியாளர். சுடும் இடத்தில் பாதுகாப்பு கருதி இரண்டிரண்டு பேராகத்தான் விடுகிறார்கள், அது முழுக்க நியாயம், ஆனால் மிச்ச ஆறு பேர் குளிரில் நின்றபடி காத்திருக்க வேண்டியிருந்தது, முக்கால் மணி நேரம் அதிலேயே போனது. இன்னொன்று, நின்று சுட விடவே இல்லை. காலியான துப்பாக்கியையாவது நின்றபடி பிடித்துப் பார்க்கக் கொடுத்திருக்கலாம், அந்தப் பளு கையில் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் இந்த விளையாட்டு பாதிதான் தெரியும்.

ஆனாலும் காசு வீண் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது முறை ஓடவிட்டுச் சுடவைத்தார்களே, அதற்கே கொடுக்கலாம். சில இடங்களில் லேசர் துப்பாக்கிதான் தருகிறார்கள், குழந்தைகளோடு போனால் அது போதும், பெரியவர்கள் .22 கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். வெடிக்கும்போது கன்னத்தில் வரும் அந்தச் சிறு அதிர்வு லேசரில் வராது.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி 2023 ஓபர்ஹோஃப் உலகச் சாம்பியன்ஷிப் ஸ்பிரின்ட்டை, அதாவது படுத்து ஐந்து, நின்று ஐந்து என்று பத்தே இலக்கு சுடும் குறுகிய போட்டியை, மறுபடி போட்டுப் பார்த்தேன். ஹெர்மன், திருமணமாகி ஹெர்மன்-விக் என்ற பெயரில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், அவருடைய கடைசி சீசன். பத்துக்குப் பத்து. இரண்டு நொடிச் சொச்சத்தில் ஸ்வீடனின் ஹன்னா ஓபெர்க்கை முந்தித் தங்கம். கடைசியாக நின்று சுட்ட ஐந்தையும் நான் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய தோளை மட்டும் பார்த்தேன்.

அடுத்த மாதம் வேறொரு ஊரில் பதிவு செய்திருக்கிறேன். குழுவில் நான்கு பேர்தான், நின்று சுடவும் விடுவார்களாம், ஃபோனிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஷூ நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.