முழங்கால் ஜவ்வு கிழிவுக்குக் கைரோபிராக்டிக்: நான் இழந்த 11 வாரங்கள்

இறகுப்பந்து ஆடும்போது துள்ளி இறங்கினேன். பாதம் தரையில் பதிந்து நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போன்ற சத்தம் எனக்கே கேட்டது; இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கி, காலை மடக்க முடியாமல் போயிற்று. யாரும் மோதாமலே கால் திருகுவது, சத்தம், உடனடி வீக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், ஏசிஎல் எனப்படும் முன் சிலுவைத் தசைநார், அதாவது நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்வது, கிழிந்திருக்குமோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு என் காலைத் தொட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடன் பணிபுரியும் ஒருவருக்கு இடுப்பு வலி அங்கே குறைந்திருந்தது; அவர் நல்லெண்ணத்தோடு சொன்னதை நம்பித்தான் எலும்பு மூட்டுகளைக் கையாலேயே சரிசெய்வதாகச் சொல்லும் அந்தக் கைரோபிராக்டிக் நிலையத்துக்குச் சென்றேன். இடுப்பு வலிக்கு முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் முறை சிலருக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இறுகிப்போன முதுகும் அறுந்துபோன தசைநாரும் ஒன்றல்ல என்பதை அங்கே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு குதிகால்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, வலக்கால் குட்டையாக இருக்கிறது, இடுப்பெலும்பு சாய்ந்திருக்கிறது, அதனால் முழங்கால் எலும்பு இடம் விலகியிருக்கிறது என்றார் அந்தக் கைரோபிராக்டர். எக்ஸ்ரே எடுத்தார்கள், முழங்காலுக்கு அல்ல, கீழ்முதுகுக்கும் இடுப்புக்கும். முழங்காலை 90 பாகை மடக்க முடியாதவருக்கும், நான்கு அடி எடுத்துவைக்க முடியாதவருக்கும் எலும்பு முறிவு இருக்கிறதா என்று முழங்காலையே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஒட்டாவா விதிகள் என்ற எளிய வழிகாட்டி சொல்கிறது. அந்த எக்ஸ்ரேயிலும் தசைநார் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று நானே கேட்டேன். வீண் செலவு என்றும், படத்தைவிடத் தம் விரல்களுக்கு அதிகம் தெரியும் என்றும் சொல்லி, 24 அமர்வுகளுக்கான முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டினால் சலுகை உண்டு என்றார். கட்டினேன்.

அந்த விரல்கள் ஒரேயொரு பரிசோதனையைச் செய்திருந்தால் போதும். முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலின் மேற்பகுதியை மறு கையால் முன்னோக்கி இழுத்துப் பார்க்கும் லாக்மன் பரிசோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமல் தடுப்பதே ஏசிஎல்லின் முக்கிய வேலை என்பதால், அது அறுந்த காலில் அந்த எலும்பு தடையின்றி முன்னே வரும். காயம்பட்ட சில நாட்களில் வீக்கமும் இறுக்கமும் முடிவைக் குழப்பலாம். அப்படியானால் சில நாட்கள் கழித்து மறுபடியும் செய்து பார்ப்பார்கள். 11 வாரங்களில் என் காலுக்கு அது ஒரு முறைகூடச் செய்யப்படவில்லை.

ஒவ்வோர் அமர்விலும் இடுப்பைத் திருகி ஒரு சொடுக்கு. சில நாட்களில் முழங்காலையே இழுத்து ஒரு சொடுக்கு. எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்றார்கள். உண்மையில் அது மூட்டுத் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக்குமிழி உருவாகும்போது எழும் சத்தம். எதுவும் இடம் மாறியதற்கு அது சான்றாகாது. 1895-இல் டேனியல் டேவிட் பால்மர் அமெரிக்காவில் இந்த முறையைத் தொடங்கியபோது, நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகெலும்பின் இடவிலகலே காரணம் என்றார். அந்த இடவிலகல் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பே 2010-இல் அறிவித்துவிட்டது. அறுந்த இரு முனைகளை எந்தச் சொடுக்கும் ஒட்டவைக்காது.

நான் ஏமாந்த இடம் இதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து வலி குறைந்தது, வீக்கம் வற்றியது, நொண்டாமல் நடந்தேன். ஏசிஎல் முழுவதும் அறுந்தவருக்கும், எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும், சில வாரங்களில் இப்படித்தான் ஆகும். மூட்டுக்குள் கசிந்த இரத்தத்தை உடலே உறிஞ்சிக்கொள்ளும், வலி அடங்கும், நேர்க்கோட்டில் நடப்பதற்கு அந்தத் தசைநார் அவ்வளவாகத் தேவைப்படுவதும் இல்லை. என் உடல் தானாகச் செய்த வேலையை அவர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வலி போனதைக் காட்டிக் குணமாகிவிட்டது என்றார்கள், நானும் நம்பினேன். மூட்டு உறுதியாக இருக்கிறதா என்ற கேள்வியை யாரும் எழுப்பவே இல்லை.

பத்தாவது வாரம் மாடிப்படியில் இறங்கித் திரும்பும்போது முழங்கால் மளுக்கென்று விலகி, நான் விழுந்தேன். மறுநாள் அங்கே போய்ச் சொன்னபோது, பழைய நிலைக்குத் திரும்ப உடல் முயல்கிறது, அமர்வுகளைக் கூட்டலாம் என்றார்கள். அடுத்த வாரம் மீண்டும் விலகியது. அதன் பிறகே எலும்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு நிமிடத்தில் கையால் கண்டறிந்ததை எம்ஆர்ஐ உறுதிசெய்தது: ஏசிஎல் முழுக் கிழிவு; கூடவே உட்புற மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டிலும் கிழிவு. இரண்டாவது கிழிவு முதல் நாளே நேர்ந்ததா, படியில் விழுந்தபோது நேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் உறுதியற்ற மூட்டு மீண்டும் மீண்டும் விலகும்போது மெனிஸ்கஸ் சிதைவது வழக்கம் என்றும் சொன்னார்.

ஏசிஎல் கிழிந்த எல்லோருக்கும் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சையும், மறு பிரிவுக்கு முதலில் முறையான உடற்பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை சிகிச்சையும் தந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இரு பிரிவுகளின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முழங்காலின் உட்பக்கத்தில் உள்ள வேறொரு தசைநாரான உட்பக்கவாட்டுத் தசைநாரின் கிழிவுகளில் பெரும்பாலானவை முழங்காலில் அணியும் பட்டையும் பயிற்சியும் கொண்டே ஆறிவிடும். எனவே அறுவை சிகிச்சையைத் தவிர்க்க விரும்புவது தவறே அல்ல. ஆனால் அந்தப் பாதையில் வேலை செய்வது இயன்முறை மருத்துவர் படிப்படியாகத் தரும் தொடைத்தசைப் பயிற்சி. எனக்கு 11 வாரங்களில் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரப்படவில்லை. வலத்தொடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் அந்தத் தசையை மீட்கவே எனக்கு மேலும் பல வாரங்கள் பிடித்தன.

முழங்காலை முறையாகச் சோதித்து, ஐயம் எழுந்தவுடன் எலும்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் கைரோபிராக்டர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி பதிவு கட்டாயமாக உள்ள நாடுகளும் உண்டு, பதிவேடே இல்லாத நாடுகளும் உண்டு. நீங்கள் யாரிடம் சென்றாலும், எந்தத் தசைநார் கிழிந்திருக்கிறது, அதை எந்தப் பரிசோதனையால் கண்டீர்கள் என்று கேளுங்கள். இடுப்பைப் பற்றிப் பதில் வந்தால் எழுந்துவிடுங்கள். முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பாதம் சில்லிட்டு மரத்துப்போனாலோ, எங்கும் நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.

மீதமிருந்த அமர்வுகளுக்கான பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதல் நாள் கையெழுத்திட்ட தாளைக் காட்டி மறுத்துவிட்டார்கள். என் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையாவது எழுத்துமூலம் கேட்டுப் பெற்றேன். அதில் முழங்கால் பரிசோதனை என்று ஒரு வரி இல்லை. படியில் விழுந்த மறுநாளுக்கான பதிவில், "முன்னேற்றம் நன்று, தொடரவும்" என்று எழுதியிருக்கிறது.