பகட்டான பழைய பாணி முன்னறை: ஹாலிவுட்டா, செட்டிநாடா, திருவிதாங்கூரா?

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் வீட்டைப் புதுப்பிக்கிறவர்களிடம் முன்னறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பழைய காலத்து அழகு வேண்டும், பளபளப்பும் குறையக்கூடாது என்கிறார்கள். மாலையில் விளக்கைப் போட்டால் வருகிறவர் நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டுமாம். நியாயமான ஆசைதான். வெள்ளை டைலும் சாம்பல் சோபாவும் எல்லா வீட்டிலும் பார்த்து அலுத்துவிட்டது.

இதற்கு இந்த வட்டாரத்தில் மூன்று வழிகள் பேச்சில் அடிபடுகின்றன. கண்ணாடியும் வெல்வெட்டும் தங்க நிறமுமாக, பழைய ஹாலிவுட் வீடுகளைப் பார்த்துச் செய்வது ஒன்று. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வழி இன்னொன்று. மூன்றாவது, நம் காலடியிலேயே இருக்கும் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து வழி. என் ஓட்டு பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான். ஆனால் ஒரு விஷயத்தில் ஹாலிவுட்காரர்களை விட்டால் ஆள் இல்லை.

முதலில் ஹாலிவுட் வழி. 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து உலகமெங்கும் பரவிய பாணியைத்தான் இன்று ஆர்ட் டெக்கோ என்கிறோம். அந்தப் பெயர் பரவலானது 1960களில்தான். சூரியக் கதிர் போல விரியும் கோடுகள், படிப்படியாக ஏறும் விளிம்புகள், வளைந்த மூலைகள், கறுப்பும் பொன்னும் என்று பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அதே காலத்தை ஒட்டி, அமெரிக்க சினிமா நட்சத்திரங்களின் வீடுகளில் கண்ணாடி ஒட்டிய மேசை, பட்டன் வைத்துத் தைத்த வெல்வெட் சோபா, சதுரங்கக் கட்டம் போட்ட தரை, படிகச் சரவிளக்கு என்று பகட்டு இன்னும் ஒரு படி ஏறியது. இரண்டையும் கலந்துதான் இன்று அறை அலங்காரப் படங்களில் காட்டுகிறார்கள்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. மும்பை மரைன் டிரைவ் கட்டடங்கள் இந்தப் பாணியில் எழுந்தவை. அங்குள்ள கட்டடத் தொகுதி 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் ஊர்ப் பழைய மாடி வீடுகளின் ஜன்னல் கம்பியில் உதயசூரியன் வடிவம் இருக்கிறதே, வளைந்த மூலை வைத்த வால்வு ரேடியோ, கறுப்பு பேக்கலைட் சுவிட்ச், எல்லாம் அந்த அலையில் வந்தவைதான். அப்படி ஒரு ஜன்னல் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பெயர்த்துப் போடாதீர்கள். எந்தக் கடையிலும் வாங்க முடியாத சரக்கு அது. பழைய சுவிட்சை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம். அதில் கரண்ட் மட்டும் கொடுக்க வேண்டாம்.

இந்தப் பாணிக்கு நம் ஊரில் எதிரி ஈரம். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமும் உண்டு. சுவர் நன்றாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்து நிற்கும். வெல்வெட்டின் மயிரிழைகள் ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும், பிறகு பூஞ்சை வாடை வந்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த அமுக்குப் பலகையில் செய்து பொன் வர்ணம் அடித்த மேசையின் கால் முனை ஈரம் குடித்து உப்பும். குரோமியம் பூசிய கால்களில் கடற்காற்று புள்ளி போடும். பெரிய கண்ணாடியை ஈரச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்பக்க வெள்ளிப் பூச்சு விளிம்பிலிருந்து கறுக்கத் தொடங்கும். ஏசி எந்நேரமும் ஓடும் அறைக்குப் போட்ட கணக்கில் செய்த சாமான்கள் இவை. ஜன்னலைத் திறந்து வைத்துக் குடியிருக்கும் வீட்டில் அவை ஏன் திணறுகின்றன என்பது புரியும்.

திருவிதாங்கூர் வழியைப் புரிந்துகொள்ள தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு முறை போனால் போதும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அறை அலங்காரம் என்ற ஒரே கண்ணோடு பாருங்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. எல்லைக்கோடு எங்கே போட்டாலும், இரண்டு பக்கத்து ஆசாரிகளும் கொத்தனார்களும் பாடம் படித்த இடம் அதுதான்.

நுழைந்தவுடன் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், தலைக்கு மேல் பாருங்கள். 90 விதமான பூக்கள் செதுக்கிய மரத் தட்டு, அதிலிருந்து தொங்கும் வெண்கலக் குதிரை விளக்கு. மேலே, ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச் சட்ட ஜன்னல்கள், அவற்றில் வண்ண மைக்கா. வெயில் உள்ளே வரும்போதே மட்டுப்பட்டு, நிறம் மாறி விழுகிறது. தரை கறுப்பு. சுட்ட சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். அந்தத் தரையில் ஜன்னல் வெளிச்சம் நீரில் விழுந்தது போல மின்னும். பொன் பூச்சு என்று ஒன்றும் கிடையாது. இருண்ட மரம், இருண்ட தரை, அங்கங்கே ஒரு பொட்டு வெண்கலம், அவ்வளவுதான். இருந்தும் அரசவைக்குரிய மிடுக்கு அப்படியே நிற்கிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஹாலிவுட் பகட்டு வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. திருவிதாங்கூர் பகட்டு வெளிச்சத்தை அடக்கி, ஒரு சில இடத்தில் மட்டும் மின்ன விடுகிறது. வெளியே வெயில் கண்ணைக் குத்தும் ஊரில் உள்ளே நுழைந்ததும் கண் தேடுவது அந்த அடக்கத்தை. அது மட்டுமல்ல, ஈரத்துக்கும் அது பொருந்துகிறது. தேக்கு, அயினி, பலா மூன்றும் இந்தக் காற்றில் தலைமுறை தாண்டி நின்ற மரங்கள். பித்தளையும் வெண்கலமும் கறுத்தால் புளி போட்டுத் தேய்த்தால் திரும்ப வரும். பொன் பெயின்ட் உரிந்தால் என்ன செய்வீர்கள்?

அரண்மனைத் தரை நமக்குக் கட்டாது, சரி. பக்கத்தில் வருவது கறுப்பு ஆக்சைடு தரை. சிமென்டோடு ஆக்சைடு பொடி கலந்து, கரண்டியால் இழைத்து, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி நிறுத்திச் செய்வது. தண்ணீர் கட்டுவதில் சோம்பல் பட்டால் விரிசல் நிச்சயம். கை தேர்ந்த கொத்தனார் இப்போது குறைவு என்பதால், அவர் போட்ட பழைய தரை ஒன்றையாவது நேரில் பார்த்துவிட்டு வேலையை ஒப்படையுங்கள். பாட்டி காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதன் மேல் டைல் ஒட்டுவது பெரிய இழப்பு. மெருகேற்றினாலே பாதி வேலை முடிந்தது.

செட்டிநாட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அழகில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அழகு உயரத்தில் இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூணும் பெரிய நிலையும் மூச்சு விட இரட்டை உயரக் கூடம் வேண்டும். பத்தடி உயரக் கான்கிரீட் கூரைக்குக் கீழே அந்தத் தூண் இரண்டை நிறுத்தினால் கல்யாண மண்டபத்து மேடை மாதிரி ஆகிவிடும். அங்கிருந்து கொண்டு வரத் தகுந்தது ஆத்தங்குடி ஓடு. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றிக் கையால் செய்வது. சூளையே கிடையாது, பளபளப்பு அந்தக் கண்ணாடி முகத்திலிருந்து வருகிறது. அறை முழுக்கப் போடாமல், கறுப்புத் தரையின் நடுவில் பாய் விரித்தாற்போல ஒரு நீள்சதுரம் பதித்துப் பாருங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது, அது ஒன்றுதான் கண்டிப்பு.

திரைச்சீலையில் திருவிதாங்கூருக்குப் போட்டியே இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற வழியிலேயே கைத்தறிக்குப் பேர்போன பாலராமபுரம் இருக்கிறது. வெளிர் சந்தன நிறப் பருத்தி, ஓரத்தில் கசவு என்கிற ஜரிகைக் கரை. துவைக்கலாம், வெயிலில் காய வைக்கலாம், காற்றை மறிக்காது. மாலை விளக்கில் அந்த ஒரு விரல் அகலக் கசவு மின்னுவதைப் பார்த்த பிறகு வெல்வெட் திரை கேட்க மனசு வராது. வெல்வெட் மேல் ஆசை தீரவில்லையென்றால், கழற்றித் துவைக்கிற மாதிரி இரண்டு தலையணை உறை போதும், கரும்பச்சையிலோ குங்கும நிறத்திலோ.

ஹாலிவுட் வழி வெல்வது கண்ணாடியிலும் விளக்கு வைக்கும் முறையிலும். பழைய திருவிதாங்கூர் வீட்டு அறைகள் இராத்திரியில் இருண்டு கிடக்கும். நிலவிளக்கை மட்டும் நம்பி இன்று யாரும் வாழ முடியாது. கூரை நடுவில் ஒரே குழல் விளக்கு என்ற பழக்கத்தை விட்டு, மேசை விளக்கு, சுவர் விளக்கு, மூலை விளக்கு என்று கண் மட்டத்தில் பிரித்து வைக்கும் முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எல்இடி வாங்கும்போது பெட்டியில் ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள், 2700 கெல்வின் என்றால் இளமஞ்சள் ஒளி, அதை வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் தேக்கு சாம்பலாகும், பித்தளை வெளிறும், செலவு செய்தது அத்தனையும் வீண். கண்ணாடி ஒன்றே ஒன்று, பெரியதாக, சூரியக் கதிர்ச் சட்டத்தோடு, விளக்குக்கு எதிரே. சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் காற்று போக இடம் விட்டு மாட்டுங்கள். ஆரன்முளைக் கண்ணாடியை அதற்குப் பதிலாகச் சொல்கிறவர்கள் உண்டு. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், பிம்பம் மேற்பரப்பிலேயே தெரியும், கைவினையின் உச்சம் அது. ஆனால் அளவு சிறியது, விலை பெரியது, விரல் பட்டால் கெடும். அறைக்கு வெளிச்சம் கூட்டும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள்.

சுவர்ப் படத்துக்கு ரவி வர்மா அச்சுப் படங்களே போதும். அவர் கிளிமானூர்க்காரர், அச்சகம் தொடங்கியது 1894இல் மும்பையில். நகையும் பட்டும் நிறைந்த அந்தப் படங்கள் இருண்ட மரச் சட்டத்துக்கென்றே பிறந்தவை. பழைய அச்சு என்று கூடுதல் விலை சொன்னால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இன்றைய மறுபதிப்பு என்றால் உருப்பெருக்கியில் சீரான புள்ளிக் கட்டம் தெரியும். மறுபதிப்பு வாங்குவதில் தவறில்லை, மறுபதிப்பு விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கீழே ஒரு வெண்கல உருளியில் தண்ணீர் விட்டு தோவாளைச் சந்தைப் பூவை மிதக்க விடுங்கள். சரவிளக்கு செய்யாததை அது செய்யும்.

பழைய மரச்சாமானுக்குத் தெற்கே இருப்பவர்கள் இரண்டு பக்கம் ஓடுகிறார்கள்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரி. தூணும் நிலையும் பெரிய அண்டாவும் என்றால் காரைக்குடி. பிரம்புப் பின்னல் வைத்த சாய்வு நாற்காலி, பித்தளைப் பட்டை அடித்த நெட்டூர்ப் பெட்டி என்றால் மட்டாஞ்சேரி. பத்தடி உயர முன்னறைக்கு மட்டாஞ்சேரிச் சாமான்தான் அளவாக வரும். ஆனால் இரண்டுக்கும் முன்னால், உள்ளூரில் பிரித்துப் போடும் பழைய ஓட்டு வீடுகளை விசாரியுங்கள். கதவும் தட்டுப்பலகையும் விறகு விலைக்குப் போவதைத் தடுத்த புண்ணியமும் சேரும். ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் புதிதாகச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மரம் வந்த வழிக்கு அனுமதிச் சீட்டு கேளுங்கள். வெட்டவும் கொண்டுபோகவும் கட்டுப்பாடு உள்ள மரம் அது.

எங்கே வாங்கினாலும் நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மேலே பாலிஷ் எதையும் மறைக்கும், அடியில் மறைக்க மாட்டார்கள். விரல் நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறதா, மாவு போல் தூள் உதிர்கிறதா, மூட்டு மர ஆணியில் நிற்கிறதா புது ஸ்குரூவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.