மஞ்சள் கரிசலாங்கண்ணிக் கன்று வாங்குபவர்கள் கவனிக்கவும்

பேஸ்புக்கில் மூலிகைக் கன்று விற்கும் ஒரு பக்கத்தில் மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டேன். காசை வாங்கிக்கொண்டு வேறு செடியை அனுப்பிவிட்டார்கள். மட்டக்களப்புப் பக்கம் இன்னும் பலர் அங்கே ஓடர் கொடுப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கரிசலாங்கண்ணியை நாங்கள் கையாந்தகரை என்போம். வெள்ளைப் பூக் கையாந்தகரை எங்கள் வயல் வரம்புகளில் தானாகவே கிடக்கும். அம்மா எண்ணெய் காய்ச்சக் கேட்டது பொற்றலைக் கையாந்தகரை என்கிற மஞ்சள் பூ இனம். அது லேசில் அகப்படுவதில்லை. ஒரு கன்று 350 ரூபா, கூரியர் காசு வேறு, முழுக் காசும் முதலே வங்கியில் போட வேண்டும். சரி என்று போட்டேன்.

பார்சலில் கன்று இல்லை. ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய தண்டுத் துண்டுகள்தான் இருந்தன. வேர் கிடையாது. இலைகளையெல்லாம் பாதியாக நறுக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, வாடாமல் இருக்க அப்படித்தான் வெட்டுவோம் என்றார் விற்றவர். தண்டு வெட்டி நடுகிறவர்கள் அப்படி நறுக்குவது உண்மைதான். ஆனால் இந்தச் செடியில் ஆளை அடையாளம் காட்டுவதே இலையின் மேற்பாதிதான்!

எங்கள் ஊர் ஆரையம்பதி மணலில் எதுவும் லேசில் பிடிக்காது. இது பிடித்தது. மாரி மழை தொடங்கியதும் கொடி தரையில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு, கிணற்றடி வல்லாரைப் பாத்தியை அப்படியே மூடிவிட்டது. மஞ்சள் பூவும் வந்தது, அம்மாவுக்கும் சந்தோஷம். அந்தப் பக்கமாக வந்த விவசாயப் போதனாசிரியர் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இது ஸ்பக்னெற்றிகோலா ட்ரைலோபேற்றா, ஹோட்டல் முற்றங்களில் தரை மூட வைக்கிற கொடி என்றார். மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. தெருவோரத்தில் சும்மா பிடுங்கக்கூடியதைத்தான் 350 ரூபாவுக்கு விற்றிருக்கிறார்கள்.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "அக்கா, அது ஹைபிரிட் இனம், இலை கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. காசைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் புளொக்.

பொற்றலைக் கையாந்தகரையும் இந்தக் கொடியும் ஒரே பேரினம், இரண்டும் பல வருடம் நிற்கிற படர்கொடிகள், பூவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே பூப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். உண்மையான பொற்றலைக் கையாந்தகரையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தடவினால் சொரசொரக்கும், ஓரத்தில் ஓரிரு பல் இருந்தாலும் பிளவு இருக்காது. மற்றதன் இலை தடிப்பு, மினுமினுப்பு, இரண்டு பக்கமும் கொம்பு முளைத்ததுபோல் மூன்றாகப் பிரியும். நிழலில் வளர்ந்த கொடியில் அந்தப் பிளவு சரியாகத் தெரியாது, அதனால் நாலைந்து இலையாவது பாருங்கள். காசு போடும் முன் நறுக்காத இலையோடு வீடியோ கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கும் கசாயத்துக்கும் பாவிக்கப் போகிற மூலிகையில் இந்த விளையாட்டு எவ்வளவு ஆபத்து என்று அந்த ஆளுக்குக் கவலையே இல்லை.

ஏற்கெனவே நட்டவர்கள் பிடுங்கி வாய்க்காலிலோ வாவிக் கரையிலோ வீச வேண்டாம். இது பரவுவது பெரும்பாலும் விதையால் அல்ல, தண்டால்தான். ஒரு கணு மண்ணில் பட்டாலே போதும், முளைத்துவிடும். நாங்கள் மண்வெட்டியால் கிளறி, துண்டு துண்டாகப் பொறுக்கி, சீமெந்துத் தரையில் மொறுமொறுவென்று காயவிட்டு எரித்தோம். இன்னமும் கிணற்றடிக் கல்லிடுக்கில் அங்கங்கே தலை காட்டுகிறது.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் யாரிடமாவது உண்மையான மஞ்சள் இனம் இருந்தால் இலையின் படத்தோடு கீழே சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்து வாங்குகிறேன்.