மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பிந்தைய வலிக்கு ஜெல் பேக்

பரிசோதனைக்கு எலும்பு மஜ்ஜையை எடுக்க இடுப்பெலும்பில் ஊசி இறங்கிய இடத்து வலிக்கு, பெல்ட் வைத்த ஜெல் பேக் நல்ல துணை. ஃப்ரீசரில் 2 மணி நேரம் வைத்து, காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, 15 நிமிடம் மட்டும் ஒத்தடம் கொடுங்கள். முதல் 24 மணி நேரம் கட்டு நனையக் கூடாது. பேக்கில் கோக்கும் ஈரத்தையும் அந்தத் துணிதான் வாங்கிக்கொள்ளும். வெறும் தோலில் வைத்தால் குளிரே புண்ணாக்கிவிடும், மரத்துப்போன இடத்தில் அது உறைக்கவும் செய்யாது. பேக்கின் மேலேயே படுத்தால் ஓர ஒட்டு பிரிந்து ஜெல் கசியும். உறைந்த பிறகும் வளைகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். கல்லாகிப் போவது இடுப்பில் பொருந்தாது. வாரக்கணக்கில் எரிச்சலோ, காலுக்கு இறங்கும் ஷாக் போன்ற வலியோ இருந்தால் நரம்பு பாதித்திருக்கலாம். அதற்கு பேக்கை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.