லிபரல், கன்சர்வேட்டிவ் உடன்பாடு: மூன்று வழிகளில் எது எங்கே நிற்கும்?

அமெரிக்க அரசியலில் லிபரல்களையும் (பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர்) கன்சர்வேட்டிவ்களையும் (பெரும்பாலும் குடியரசுக் கட்சியினர்) ஒரே பக்கம் நிறுத்த மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதல் வழியில் இரு தரப்பும் ஒரே முடிவைத் தத்தம் காரணத்துக்காக ஆதரிக்கின்றன. இரண்டாவது பேரம்: நீ ஒன்றை விட்டுக்கொடு, நான் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். மூன்றாவது, எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுவது. மூன்றுக்கும் உடன்பாடு என்றே பெயர் சொல்வதால், ஒன்றுக்கு உரிய வேலையை இன்னொன்றிடம் கொடுத்துவிட்டு, இவர்கள் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள்.

காரணம் வேறு, முடிவு ஒன்று

நல்ல உதாரணம் 2018 டிசம்பரில் வந்த, சிறையையும் தண்டனையையும் சீர்திருத்தும் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம். வாக்குகள் செனட்டில் 87–12, பிரதிநிதிகள் சபையில் 358–36. சிறைகளில் கறுப்பினத்தவர் விகிதம் மிகையாக இருப்பது லிபரல்களை உறுத்தியது. அரசுச் செலவும் மத்திய அரசின் மிதமிஞ்சிய அதிகாரமும் கன்சர்வேட்டிவ்களை உறுத்தின. திருந்தியவனுக்கு இரண்டாம் வாய்ப்பு தரவேண்டும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது. யாரும் யாருடைய காரணத்தையும் ஏற்கவில்லை, ஏற்கச் சொல்லவும் இல்லை.

சட்டத்தின் உள்ளடக்கம் நுணுக்கமானது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் தண்டனைக் குறைப்பு என்று முன்பே சட்டத்தில் இருந்தாலும், சிறைத்துறை கணக்கிட்ட முறையில் கிடைத்தது 47 நாள்தான். அது திருத்தப்பட்டது. 1986 சட்டத்தின்படி 5 கிராம் கிராக் (கோகெய்னின் புகைக்கும் வடிவம்) விற்றவருக்கும் 500 கிராம் கோகெய்ன் பொடி விற்றவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை. 2010-இல் இந்த 100:1 விகிதம் 18:1 ஆனது. அதற்கு முன்பே தண்டிக்கப்பட்டவர்களும் அந்தச் சலுகையைக் கேட்க 2018 சட்டம் வழிவிட்டது.

இதற்கு முந்தைய முயற்சி ஏன் சரிந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. 2015-இல் வந்த தண்டனைச் சீர்திருத்த மசோதாவோடு, குற்ற நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும் என்ற பொதுவிதியையும் சேர்க்கக் குடியரசுக் கட்சியினர் சிலர் வற்புறுத்தினர். இது பெருநிறுவன அதிகாரிகள் தப்பிக்கும் வழி என்று ஜனநாயகக் கட்சியினர் பார்த்தனர். மசோதா முடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2018-இல் அந்த விதி இல்லை. இந்த வழியில் ஒரு தரப்புக்கு மட்டும் வேண்டிய எதையும் பொதியில் ஏற்றக்கூடாது. அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் தனி மசோதாவாகப் போகட்டும்.

வீட்டுமனை விதிகளிலும் இதே வழி பலித்திருக்கிறது. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டுமே கட்டலாம் என்ற தடையை 2019-இல் ஜனநாயகக் கட்சி ஆண்ட ஓரிகன் மாநிலம் தளர்த்தியது. 2023-இல் குடியரசுக் கட்சி ஆண்ட மொன்டானாவும் தளர்த்தியது. ஓரிகனில் 10,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களிலும், மொன்டானாவில் 5,000 பேரை எட்டிய நகரங்களிலும் அந்தச் சட்டங்கள் இரட்டை வீட்டுக்கு அனுமதி தந்தன. ஒரு தரப்புக்கு அது வாடகைச் சுமையைக் குறைக்கும் வழி, இன்னொரு தரப்புக்குச் சொத்துரிமை. எதிர்ப்போ கட்சி வேறுபாடு பார்க்காமல், ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களிடமிருந்து வரும்.

இந்த வழிக்கென்று ஒரு நோய் உண்டு. 1993-இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் செனட்டில் 97–3 என நிறைவேறியது. சிவில் உரிமை அமைப்புகளும் தேவாலயங்களும் சேர்ந்து ஆதரித்தன. பெயோட்டி என்ற செடியைச் சடங்கில் உட்கொண்ட பூர்வகுடி வழிபாட்டினருக்குப் பாதுகாப்பு இல்லை என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே அதற்குத் தூண்டுதல். லிபரல்களின் மனத்தில் இருந்தது சிறுபான்மை வழிபாட்டினர். 2014-இல் ஹாபி லாபி வழக்கில் அதே வாசகத்தை வைத்து, ஊழியர்களின் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுத்த ஒரு நிறுவனம் வென்றது. கூட்டணி உடைந்துபோனது. வார்த்தையில்தான் ஒற்றுமை இருந்தது, எந்த வழக்கில் யார் வெல்லவேண்டும் என்பதில் இல்லை.

இதைத் தடுக்க ஒரு சோதனை போதும். வரைவு வாசகத்தோடு ஐந்தாறு கற்பனை வழக்குகளை இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கொடுத்து, யார் வெல்வார் என்று எழுதித்தரச் சொல்ல வேண்டும். வழக்குகளில் பாதியாவது அந்தந்தத் தரப்புக்குச் சங்கடம் தருபவையாக இருக்கவேண்டும். விடைகள் முரண்பட்டால் அந்த வாசகம் சண்டையைத் தீர்க்கவில்லை, ஒத்திப்போட்டிருக்கிறது. அந்த இடத்தில் பேரத்துக்கு மாறுவதே சரி.

பேரம்

பேரத்தில் இருவரும் எதையோ இழக்கிறார்கள், இழந்தது எழுத்திலும் இருக்கிறது. அதனால் இது அசிங்கமாகத் தெரியும். ஆனால் நீண்டகாலம் தாங்குவதில் இதையே முதலிடத்தில் வைக்கலாம்.

அரசு ஓய்வூதியத் திட்டத்தை மாற்றிய 1983-இன் சமூகப் பாதுகாப்புத் திருத்தம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. குடியரசுக் கட்சி அதிபர் ரீகன், ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் டிப் ஓ'நீல் இருவரின் ஒப்புதலோடு வந்தது. முழு ஓய்வூதிய வயது 65-இலிருந்து படிப்படியாக 67 ஆனது. இது லிபரல்களுக்குக் கசந்தது. ஊதிய வரி உயர்வு முன்கூட்டியே வந்தது, வசதியுள்ளவர்களின் ஓய்வூதியத்தில் பாதிவரை வரிக்கு உட்பட்டது. இது கன்சர்வேட்டிவ்களுக்குக் கசந்தது. நிதி சில மாதங்களில் தீர்ந்துவிடும் நிலையில் இருந்ததால் எழுந்துபோக யாருக்கும் வழியில்லை. கெடு இல்லாத பேரம் பெரும்பாலும் பேச்சாகவே முடிகிறது.

யூட்டா மாநிலத்தில் 2015-இல் நடந்தது இன்னும் கூர்மையானது. வீட்டு வாடகையிலும் வேலையிலும் ஒருபாலீர்ப்பினருக்கும் திருநர்களுக்கும் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு. கூடவே மத அமைப்புகளுக்கு விலக்கு. வேலைக்கு வெளியே தன் மத, அரசியல் கருத்தைச் சொன்னதற்காக ஊழியரைத் தண்டிக்கத் தடை. அங்கே செல்வாக்குள்ள மார்மன் திருச்சபையும் ஆதரித்தது. கடைகள், விடுதிகள் போன்ற பொதுச் சேவைகளைச் சட்டம் தொடவில்லை. தீராத கேள்வியைத் தெரிந்தே வெளியே வைத்ததுதான் அதில் கெட்டிக்காரத்தனம்.

பேரம் கெடுவது பெரும்பாலும் காலக் கணக்கில். 1986-இன் குடியேற்றச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. பதிலுக்கு, ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை. ஆவணம் பார்வைக்கு உண்மையாகத் தெரிந்தாலே முதலாளி தப்பலாம் என்று விதி இருந்ததால் போலி ஆவணங்கள் பெருகின. ஒரு பாதி உடனே கைக்கு வந்தது, மறு பாதி வரவேயில்லை. அந்த நினைவு பிறகும் விடவில்லை: 2013-இல் செனட் 68–32 என நிறைவேற்றிய குடியேற்ற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. ஆகவே இரு பாதிகளும் ஒரே தவணையில் நடக்கும்படி எழுதவேண்டும். ஒரு பாதியை நீதிமன்றம் ரத்து செய்தால் மறு பாதியும் விழும் என்ற பிரிவையும் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால், தோற்ற தரப்பு மறுநாளே வழக்குப் போடும்.

பேச்சு

2016 தேர்தலுக்குப் பின் தொடங்கிய பிரேவர் ஏஞ்சல்ஸ் அமைப்பின் சிவப்பு–நீலப் பட்டறை (சிவப்பு கன்சர்வேட்டிவ், நீலம் லிபரல்) இதில் நன்கு அறியப்பட்ட வடிவம். குடும்பச் சிகிச்சையாளர் பில் டோஹர்ட்டி வடிவமைத்தது. இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள். முதலில் ஒவ்வொரு குழுவும் தனியே உட்கார்ந்து, தம்மைப் பற்றி மறுதரப்பு வைத்திருக்கும் தவறான எண்ணங்கள் நான்கைந்தை எழுதுகிறது. ஒவ்வொன்றும் ஏன் தவறு, அதில் எந்த அளவு உண்மை உண்டு என்றும் எழுதுகிறது. பிறகு ஒரு குழு உள்வட்டத்தில் பேச, மற்றது வெளிவட்டத்தில் வாய் திறக்காமல் கேட்கிறது. உள்வட்டம் தன் தரப்புக் கொள்கைகள் நாட்டுக்கு ஏன் நல்லவை என்றும், அவற்றில் தமக்கே உள்ள சந்தேகங்கள் என்ன என்றும் சொல்லவேண்டும். பட்டறையில் வேலை செய்வது இந்த இரண்டாவது கேள்விதான். அதை விட்டுவிட்டு நடத்தினால் வெறும் பட்டிமன்றம்.

பெரிய அளவில், 2019-இல் டல்லஸ் அருகே 523 வாக்காளர்களைத் தற்செயல் தேர்வில் கூட்டி ஒரு நீண்ட வார இறுதி முழுக்கப் பேசவைத்தார்கள். மறுதரப்பின் மீதான வெறுப்பு குறைந்தது, தீவிர முன்மொழிவுகளுக்கான ஆதரவும் தளர்ந்தது.

ஆனால் பட்டறை சட்டம் எழுதாது. வந்தவர்கள் கேட்கும் மனத்தோடு வந்தவர்கள். சட்டமன்ற உறுப்பினர் பயப்படுவதோ கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கும் தீவிரர்களுக்கு. முதலிரண்டு வழிகளுக்கு முன்வேலையாகப் பட்டறையை வைத்துக்கொள்ளலாம், மாற்றாக முடியாது.

முதல் இரண்டும் கலந்த ஓர் உதாரணம்

துப்பாக்கி விவகாரத்தில் எதுவும் நகராது என்றிருந்தபோது, 2022 ஜூனில் செனட் 65–33 என ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மனநலச் சேவைக்கும் பள்ளிப் பாதுகாப்புக்கும் நிதி என்ற பகுதி முதல் வழி. அவரவர் காரணம் அவரவருக்கு. 21 வயதுக்கு உட்பட்டவர் வாங்கும்போது இளவயதுப் பதிவுகளையும் சரிபார்க்கலாம், ஆனால் 10 வேலைநாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது பேரம். காதல் உறவில் இருந்தவரைத் தாக்கித் தண்டனை பெற்றவருக்குத் துப்பாக்கித் தடை வந்தது. முதல் குற்றமாக இருந்து, பிறகு தவறு செய்யாவிட்டால் 5 ஆண்டில் தடை நீங்கும். அந்த 5 ஆண்டுப் பிரிவை எடுத்திருந்தால் குடியரசுக் கட்சி வாக்குகள் சிதறியிருக்கும். தடையையே எடுத்திருந்தால் ஜனநாயகக் கட்சியினர் நின்றிருக்க மாட்டார்கள். ரைஃபிள் வாங்கும் வயதை உயர்த்துவதைச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டார்கள்.